மூன்று சுற்று நிற்பதற்கு

ஒரு பெண் முடிக்க வேண்டிய காரியத்தை, அவர் முடிக்கப்போகிற நேரத்தில், நான் நிறுத்திவிட்டேன். அவருடைய பாதுகாப்பை நினைத்து நிறுத்தியதாக எல்லோரிடமும் சொன்னேன். ஊரும் நம்பியது. அது பொய். எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் நிறுத்தினேன். இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. இனி வரும் பகுதிகளில் நான் நல்லவனாகத் தோன்றும் இடங்கள் சில உண்டு. வாசிப்பவர்கள் ஏமாந்துவிடக் கூடாது.

அவரை எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லோரும் வேன் அக்கா என்றுதான் சொல்வோம். கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி, தோட்டத்து லயங்களை இடித்தபோது அங்கிருந்த குடும்பங்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகள் எங்களுடையவை. பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வெள்ளை வேனை அவர் ஓட்டினார். குட்டையான, அகலமான உடம்பு. வேனில் ஹார்ன் வேலை செய்யவில்லை. அதை அவர் பழுதுபார்க்கவும் இல்லை. வாசலில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பிள்ளையின் பெயரை ஒரு தடவை சொல்வார். அந்தப் பிள்ளை குளியலறையில் இருந்தாலும் ஈரத்தலையோடு ஓடிவந்து ஏறிவிடும்.

அந்தப் பள்ளியில் நான் ஒரு காலத்தில் தலைமையாசிரியராக இருந்தேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியரை எங்கள் பக்கத்தில் சும்மா விடமாட்டார்கள். எதற்காவது செயலாளராக்கிவிடுவார்கள். கோயிலுக்குச் செயலாளர், மரணச் சகாய நிதிக்குச் செயலாளர் என்று போய், கடைசியில் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நடந்த குத்துச்சண்டை மன்றத்துக்கும் நானே செயலாளர். எனக்குக் குத்துச்சண்டை தெரியாது. நான் ரோத்தான் பிரம்பால் அடித்த ஆள். எதிரே இருப்பவர் திருப்பி அடிக்கலாம் என்ற ஏற்பாடே எனக்குப் புதிது. பயிற்சி கொடுத்தவர் ஹாசிம். இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த மலாய்க்காரர் என்பதால், எங்களில் பலரைவிட நன்றாகவே தமிழ் பேசுவார். திட்டும்போது இன்னும் நன்றாகப் பேசுவார்.

ஒருநாள் மாலை வேன் அக்கா கொட்டகைக்கு வந்தார். ஏதோ பிள்ளையை அழைத்துப்போக வந்திருப்பார் என்று நினைத்தேன். நேரே ஹாசிமிடம் போனார்.

"கோச், குத்துறதுக்கு முன்னால கையில ஒரு துணியைச் சுத்துறாங்களே, அதை எனக்குக் கத்துத் தருவீங்களா?"

"குத்துறதுக்கு?"

"அது அடுத்த மாசம். இந்த மாசம் துணி மட்டும்."

நான் சிரித்துவிட்டேன். ஹாசிம் சிரிக்கவில்லை. அவரிடம் வரும் பையன்கள் முதல் நாளே நாட்டுக்காக எப்போது ஆடலாம் என்று கேட்பார்கள். அடுத்த வாரம் காணாமல் போய்விடுவார்கள். துணி சுற்றுவதை மட்டும் கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

அந்த மாதம் முழுவதும் வேன் அக்கா துணியையே சுற்றினார். பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது, ஸ்டியரிங் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, கட்டைவிரலில் தொடங்கி, மணிக்கட்டைச் சுற்றி, விரல் இடுக்குகளில் கொண்டுபோய் முடிப்பார். அவிழ்ப்பார். மறுபடி சுற்றுவார். அடிபட்ட கை என்று நினைத்து ஓர் ஆசிரியை தைலம் கொண்டுவந்து கொடுத்தாராம். அதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருக்கிறார். "வேணாம்னு சொன்னா வெளக்கணும் சார். வெளக்கற இலக்கை இந்த மாசம் நான் வைக்கல" என்றார் என்னிடம்.

அதுதான் அவருடைய குணம். மாதத்துக்கு ஓர் இலக்கு. அது எவ்வளவு சிறியதாக இருக்குமென்றால், கேட்பவர்களுக்கு அவர் கிண்டல் செய்கிறாரோ என்று சந்தேகம் வரும். அவர் கிண்டல் செய்யவில்லை. இலக்கை எல்லோருக்கும் முன்னால் சத்தமாக அறிவிப்பார். எட்டிவிட்டால், சாலையோரக் கடையில் கொதிக்கக் கொதிக்க பீசாங் கோரேங் வாங்கிவந்து கொட்டகையில் இருக்கிற அத்தனை பேருக்கும் கொடுப்பார். துணி சுற்றக் கற்றதற்கு வாழைப்பழப் பொரியல் தின்ற குத்துச்சண்டை மன்றம் சிலாங்கூரிலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஏன் இப்படி என்று எனக்குப் புரிந்தது அவருடைய வீட்டுக்குப் போனபோது. மன்றத்தில் சேர ஒரு கையெழுத்து தேவைப்பட்டது. வீட்டு முன்கூடத்தில் ஒரு தையல் இயந்திரம், உறை போட்டபடி. அதன்மேல் கேக் செய்யும் அடுப்பு. பக்கத்தில் சுவரில் சாத்திய கீபோர்டு. நடுவில், ஓடாத சைக்கிள், உடற்பயிற்சிக்கானது. அதன் கைப்பிடியிலும் இருக்கையிலும் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவருடைய கணவர் செம்பனை ஆலையில் வேலை செய்தார். ஒல்லியான, அமைதியான மனிதர். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, "பாத்து உக்காருங்க சார். எங்க வீட்டுல ஒவ்வொரு சாமானும் ஒரு காலத்துல பெரிய கனவு" என்றார்.

வேன் அக்கா கோபிக்கவில்லை. "உண்மைதான் சார். தையல் கடை வைக்கணும்னு ஆரம்பிச்சேன். ஒரு ரவிக்கையை முடிக்கல. மேடையில பாடணும்னு ஆரம்பிச்சேன். ஒரு பாட்டை முடிக்கல. எல்லாமே தொடக்கத்துல பிரமாதமா இருக்கும். என் வாழ்க்கையில நான் கடைசி வரைக்கும் முடிச்சது ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

"கல்யாணம்" என்றார் கணவர்.

"அது இன்னும் முடியல. சும்மா இருங்க லா."

பிறகு என் பக்கம் திரும்பி, "இதை மட்டும் முடிச்சுப் பாக்கணும் சார். ஒரே ஒரு சண்டை. ஜெயிக்கறதெல்லாம் இல்ல. மூணு சுத்து. கடைசி மணி அடிக்கும்போது நான் நின்னுக்கிட்டு இருக்கணும். கண்ணத் தொறந்துக்கிட்டு" என்றார். புதியவர்களுக்கான போட்டியில் மூன்று சுற்றுகள்தான். அமெச்சூர் சண்டையில் நாற்பது வயதைத் தாண்டினால் மேடையில் ஏற விடமாட்டார்கள். அவருக்கு அந்த வயது தொட்டுவிடும் தூரத்தில் இருந்தது.

கண்ணைத் திறந்துகொண்டு என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எதிரே கையுறை வருவதைக் கண்டதும் அவருடைய கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். மூடிய கண்ணோடு அவர் விடும் குத்து கம்பத்தில் படும், ஹாசிமின் தோளில் படும், ஒருமுறை என் தேநீர்க் குவளையில் பட்டது. ஆகவே ஒரு மாதம் அறிவித்தார்: "இந்த மாச இலக்கு, கண்ண மூடாம ஒரு குத்து வாங்கறது. ஒண்ணே ஒண்ணு."

பையன்கள் மெதுவாகக் குத்திப் பார்த்தார்கள். கண் மூடியது. ஹாசிம் எச்சரித்துவிட்டுக் குத்தினார். மூடியது. எச்சரிக்காமல் குத்தினார். அப்போதும் மூடியது. மாதம் முடியும் தறுவாயில் ஒருநாள், கையைக் கீழே போட்டுவிட்டு ஹாசிமிடம் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். பயிற்சி நிற்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த ஹாசிமின் இடக்கை அவருடைய கன்னத்தில் போய் இறங்கியது.

"ஐயோ, மாஃப், மாஃப்!" என்று ஹாசிம் பதறி மன்னிப்புக் கேட்டார்.

வேன் அக்கா தடுமாறி நின்றார். பிறகு கொட்டகை அதிரக் கத்தினார். "பாத்தேன் கோச்! வந்தத முழுசா பாத்தேன்! கண்ண மூடவே இல்ல!"

அன்று பீசாங் கோரேங் இரண்டு தட்டு.

அடுத்த நாள் அவருடைய கன்னம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. பிள்ளைகளை ஏற்றிவிட வந்த தாய்மார்கள் அதைப் பார்த்தார்கள். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் போய்க் கணவரை முறைத்தார்கள். அந்த ஒல்லி மனிதர் கொப்பிக்கடையில் உட்கார்ந்தால் பக்கத்து மேசை எழுந்துபோனது. கோயிலில் ஒரு பாட்டி அவரைத் தனியே அழைத்து, "பொம்பளப் புள்ளைய அடிக்கறியே, நீயெல்லாம் மனுசனா?" என்று கேட்டிருக்கிறார். அவர் நேரே என்னிடம் வந்தார்.

"சார், நீங்க செயலாளர். ஒரு அறிவிப்பு குடுங்க. என் பொண்டாட்டிய அடிக்கறது நான் இல்ல, மன்றம்தான்னு."

அப்படியே கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்தேன். அதன் பிறகு ஒரு வாரம் ஹாசிமை முறைத்தார்கள்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ஆனால் அவருடைய இலக்குகள் எனக்குப் பிடிக்கவில்லை. என் வகுப்பில் நான் சின்ன ஆசைகளை விட்டதே இல்லை. 'என் இலட்சியம்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், லோரி ஓட்டுவேன் என்று எழுதிய பிள்ளையை நிற்க வைத்து, அடித்துவிட்டு, டாக்டர் என்று எழுத வைத்தவன் நான். தோட்டத்துப் பிள்ளைகளை மேலே தூக்கிவிட வேறு வழி இல்லை என்று நினைத்தேன். இன்றும் அது முழுக்கத் தவறென்று சொல்ல மாட்டேன். ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

"ஏம்மா இப்படி சுருங்கிப் போற? நிக்கணும், நிக்கணும்னே சொல்ற. ஜெயிக்கணும்னு சொன்னாத்தான் என்ன?"

"சார், எங்க அண்ணன ஞாபகம் இருக்கா? உங்ககிட்ட படிச்சாரு."

"இருக்கு."

"அவர டாக்டர்னு எழுத வச்சீங்க. இப்ப லோரி ஓட்டுறாரு. நல்லாதான் ஓட்டுறாரு, கம்பெனியில அவருக்கு நல்ல பேரு. ஆனா ரோட்டுல நீங்க மோட்டோவுல வந்தா இன்னிக்கும் லோரிய வேற பக்கம் திருப்பிக்கிறாரு. அன்னிக்கு செம்பனைக் குலை ஏத்துன லோரியோட ஒரு ரப்பர் மரத்துல முட்டிக்கிட்டு நின்னாரே, அது உங்களப் பாத்துத்தான்."

அப்போதும் என் மனம் மாறவில்லை. படித்தவனிடம் இருக்கிற கெட்ட பழக்கம் அது. வாதத்தில் தோற்றாலும் காரியத்தில் தன் வழியிலேயே போய்க்கொண்டிருப்பான்.

கோலா சிலாங்கூர் மண்டபத்தில் புதியவர்களுக்கான போட்டி வந்தது. ஹாசிம் அவருடைய பெயரைக் கொடுத்தார். எதிராளி உலு யாமைச் சேர்ந்த ஒரு பல்கலைக்கழக மாணவி; அதே எடை, கிட்டத்தட்ட அதே அனுபவம், வயது மட்டும் பாதி. "நின்னுடலாம்" என்றார் ஹாசிம். வேன் அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

எங்கள் பக்கத்தில் எதற்கும் பேனர் கட்டுவோம். பிள்ளை தேர்வில் தேறினால் பேனர், தலைவருக்குப் பிறந்தநாள் என்றால் பேனர், கோயிலுக்குப் புதுச் சாயம் அடித்தால் அதற்கும் பேனர். நான் கோயில் தலைவரிடம் பேசினேன். சந்திப்பில், சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு பேனர் ஏறியது. வேன் அக்காவின் படம், பின்னால் ஒரு சிங்கம், சிங்கத்துக்குப் பின்னால் தேசியக் கொடி. 'தோட்டத்துப் பெண் சிங்கம்! நாளைய தங்கம்!' என்ற வாசகம் என்னுடையது. கீழே ஓரத்தில் தலைவரின் படமும் என் படமும்.

மறுநாள் காலை வேன் அந்தச் சந்திப்புக்கு வந்தபோது உள்ளே இருந்த பிள்ளைகள் கூச்சல் போட்டார்களாம். வேன் அக்கா வண்டியை அப்படியே நடுச்சாலையில் நிறுத்திவிட்டார். பின்னால் லோரிகள் வரிசையாக நின்றன. அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார்.

"சார், அத எறக்குங்க."

"ஏம்மா? படம் நல்லாத்தானே வந்திருக்கு."

"சிங்கம் நல்லா வந்திருக்கு. அது நான் இல்ல. எறக்க முடியாதுன்னா என் இலக்கையும் கீழ போடுங்க. மூணு சுத்து நிக்கிறதுன்னு."

"சரி, போடச் சொல்றேன்" என்றேன். போடச் சொல்லவில்லை. நாளைய தங்கத்துக்குக் கீழே அதை எழுதினால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். பேனர் அப்படியே இருந்தது.

போட்டியன்று மண்டபம் நிறைந்தது. தாமானிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். உறுமி மேளக் குழு வந்தது. டத்தோ பட்டம் பெற்ற ஒரு பிரமுகரைத் தலைவர் அழைத்து வந்திருந்தார். சண்டைக்கு முன்பே தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, சிங்கத்தைச் செதுக்கிய சிற்பி என்று என்னைச் சொல்லி, சரிகை போட்ட பொன்னாடை ஒன்றை என் தோளில் போர்த்தினார். அதைத் தோளில் போட்டுக்கொண்டே நான் வேன் அக்காவின் மூலையில் போய் நின்றேன். மூலையில் ஹாசிமுக்கு உதவியாக ஒருவர் நிற்கலாம். தண்ணீர் கொடுக்கத் தெரிந்த ஒரு பையன் நிற்க வேண்டிய இடம் அது. மூலையில் நிற்பவர்கள் படத்தில் விழுவார்கள் என்பதால் நான் நின்றேன்.

முதல் சுற்றில் அந்த மாணவி இடக்கையால் தட்டிக்கொண்டே இருந்தாள். வேன் அக்கா வாங்கிக்கொண்டே இருந்தார். ஆனால் கை மேலேயே இருந்தது, கண் திறந்தே இருந்தது. இடைவேளையில் ஹாசிம் அவருடைய வாயிலிருந்து பல்காப்பை எடுத்துக் கழுவி, "அழகா நிக்கற. மூச்சு விடு, போதும்" என்றார். நான், "திருப்பி அடிம்மா, டத்தோ பாக்கறாரு" என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

இரண்டாம் சுற்றில் ஒரு குத்து நன்றாக விழுந்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, வேன் அக்காவின் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டி எட்டு வரை எண்ணினார். வேன் அக்கா தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தார். ஆனால் உறுமி நின்றுவிட்டது. அந்த அமைதியில் எங்கள் ஆள் ஒருவரே பின்னாலிருந்து கத்தினார்.

"வேன் பஞ்சரு டா!"

மண்டபம் முழுவதும் சிரித்தது.

மூன்றாம் சுற்றில் அவர் சோர்ந்திருந்தார், ஆனால் விழவில்லை. ஒரு குத்து அவருடையதுகூடப் போய்ப் பட்டது. "சாரோட சிங்கம் பூனையாப் போச்சு!" என்றார் இன்னொருவர். மறுபடி சிரிப்பு. திரும்பிப் பார்த்தேன். டத்தோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்று முடியப்போகிறது என்று ஹாசிம் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்த பிறகுதான் செய்தேன். இதை யாரிடமும் நான் மறைக்கக் கூடாது.

மூலையில் இருப்பவர்கள் துண்டை மேடைக்குள் வீசினால் சண்டை நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். துண்டு ஹாசிமின் கழுத்தில் கிடந்தது. எனவே என் தோளில் இருந்ததை எடுத்து வீசினேன்.

பொன்னாடை துண்டைப்போல் பொத்தென்று விழவில்லை. காற்றில் விரிந்து, சரிகை மின்ன, மெதுவாகப் போய் நடுவரின் தோளில் படிந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம், பொன்னாடை யார் தோளில் விழுந்தாலும் கைதட்டிவிடுவோம். பாதி மண்டபம் கைதட்டியது. நடுவர் ஒரு சீனப் பெரியவர். தமக்கு ஏதோ மரியாதை நடக்கிறது என்று நினைத்து, சண்டையின் நடுவிலேயே எங்கள் பக்கம் லேசாகத் தலை குனிந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு இரண்டு கைகளையும் ஆட்டி ஆட்டத்தை நிறுத்தினார்.

வேன் அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. கையை உயர்த்தியபடியே நின்றார். பிறகு நடுவரின் தோளைப் பார்த்தார். என் வெறும் தோளைப் பார்த்தார். பல்காப்பைத் துப்பிவிட்டுக் கேட்டார்:

"கோச், எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"கொஞ்சம்தான்" என்றார் ஹாசிம். "துண்டு என்கிட்டதான் இருக்கு. நான் போடல."

பாதுகாப்புக்காக, பாதுகாப்புக்காக என்று நான் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னேன். நல்ல முடிவு சார், பெரியவங்க பெரியவங்கதான் என்றார்கள். வேன் அக்கா தாமே கையுறையைக் கழற்றிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் பஸ்ஸில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு அவர் கொட்டகைக்கு வரவில்லை. ஒருநாள் பாசார் மீன்கடையில் அவருடைய கணவரைப் பார்த்தேன். வழக்கமாக ஏதாவது வேடிக்கை சொல்பவர், அன்று மீனைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கையுறைய சைக்கிள்மேல மாட்டிட்டா சார். துணியோட துணியா."

கோயிலின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொன்னேன். பயத்தால் அல்ல, வெட்கத்தால் நிறுத்தினேன், பேனரும் என் வேலை, அந்தப் பெண்ணின் உழைப்பைக் கெடுத்தவன் நான் என்றேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். தலைவர் ஒலிவாங்கியை வாங்கி, இப்படி மனம் திறந்து பேசும் பண்பு இந்தக் காலத்தில் யாருக்கு வரும் என்று கண் கலங்கிச் சொல்லிவிட்டு, எனக்கு இன்னொரு பொன்னாடை போர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். அதைப்போல் ஒரு தண்டனை எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

அடுத்த நாள் பள்ளி வாசலுக்குப் போனேன். வேன் அக்கா கச்சான் கடலை தின்றுகொண்டு பிள்ளைகளுக்காகக் காத்திருந்தார். கண்ணாடி இறங்கியிருந்தது.

"பாதுகாப்புக்காக இல்லம்மா. எனக்கு வெக்கமாப் போச்சு. எல்லாரும் சிரிச்சாங்க."

"எதுக்கு சிரிச்சாங்க?"

"உனக்குக் கேக்கலையா?"

"தலையில போட்டிருந்த கவசம் காத மூடிருச்சு சார். எனக்குக் கோச் கொரல் மட்டும்தான் கேட்டுச்சு." ஒரு கச்சானை உடைத்தார். தின்னவில்லை. "நான் சந்தோசமா இருந்தேன் சார். நின்னுடுவேன்னு தெரிஞ்சிருச்சு. அந்தப் பொண்ணு கையி வர்றது எல்லாமே தெரிஞ்சுச்சு. அவ்வளவு சந்தோசமா நான் இருந்ததே இல்ல."

அவர்கள் சிரித்ததை நான் மட்டும்தான் அவருக்காகக் கேட்டிருக்கிறேன். அவருக்குத் தேவைப்படாத வெட்கம் அது.

"என்னை மன்னிச்சிடும்மா."

"முடியாது சார்." வேனில் இடமில்லை என்று ஒரு தாயிடம் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். "அது ரொம்பப் பெருசு. ஆரம்பிச்சுட்டு பாதியில விட்டுட்டா அப்புறம் அதுவும் சைக்கிள் மேலதான் தொங்கும். இந்த மாசம் உங்களப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்காம இருக்கப் பாக்கறேன். அதுவே கஷ்டம்தான்."

அவர் சொன்னால் செய்வார். பாசாரில் எதிர்ப்பட்டால் அவருடைய கழுத்து தானாகத் திரும்பத் தொடங்கும், பிடித்து நிறுத்துவார். பிறகு கண் இமைக்காமல் என்னையே பார்ப்பார். அவர் பார்த்து முடிக்கும்வரை நானும் நகரக்கூடாது என்று நின்றுவிடுவேன். மீன்காரர் ஒருமுறை பயந்துபோய், "அங்கள், அந்த அக்கா பாக்சிங் தெரிஞ்ச ஆளு, எதுக்கும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். மாதக் கடைசியில் கணவர் என் வீட்டுக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். சூடான பீசாங் கோரேங். "இலக்கு எட்டிருச்சாம் சார்" என்றார். அதைத் தின்னும்போது எனக்குக் கண்ணில் நீர் வந்தது. எண்ணெய் சூடு என்று மனைவியிடம் சொன்னேன்.

அடுத்த இலக்கு, என்னைக் கண்டால் வணக்கம் சொல்வது. அது இரண்டு மாதம் பிடித்தது. அதன் பிறகு கணவருக்குக் கலும்பாங் பக்கத்தில் ஓர் ஆலையில் வேலை மாற்றம் கிடைத்துக் குடும்பமே போய்விட்டது. அந்தத் தையல் இயந்திரம், அடுப்பு, சைக்கிள் எல்லாம் லோரியில் ஏறின. லோரியை ஓட்டிவந்தவர் வேன் அக்காவின் அண்ணன். என்னைப் பார்த்தும் திருப்பிக்கொண்டு போக வழியில்லாமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் போய், "நல்லா ஓட்டறப்பா" என்றேன். "ஆமா சார்" என்றார், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

பிறகு ஹாசிம்தான் சேதி சொல்வார். அங்கே ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறார். முதல் மாத இலக்கு, கையுறையைச் சைக்கிளிலிருந்து எடுப்பது. அடுத்த மாதம், கையில் மாட்டுவது. அப்படியே மெல்ல மெல்ல வந்து, ஒருநாள் அந்த ஊர் மண்டபத்தில் போட்டி என்றார் ஹாசிம். நான் வரலாமா என்று கேட்டுச் சொல்லச் சொன்னேன். பதில் குரல் செய்தியாக வந்தது. "வரட்டும் கோச். கடைசி வரிசை. தோள்ல ஒண்ணும் இருக்கக் கூடாது."

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பேனர் இல்லை, மேளம் இல்லை. கணவர் மட்டும் முன்னால் இருந்தார். எதிராளி ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்யும் பெண். அவள் முதல் சுற்றில் குத்தினாள், இரண்டாம் சுற்றில் குத்தினாள், மூன்றாம் சுற்றிலும் குத்தினாள். வேன் அக்கா நின்றார். நான் என் கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது. நடுவர் அந்தப் பெண்ணின் கையைத் தூக்கினார். தோற்றவர் இரண்டு கைகளையும் தாமாகவே தூக்கிக்கொண்டு மேடையைச் சுற்றி வந்தார். ஜெயித்தது யார் என்று தெரியாமல் அங்கிருந்தவர்கள் சற்றுக் குழம்பினார்கள்.

வெளியே, மோட்டோக்கள் நிறுத்தியிருந்த இடத்தில், தலைமுடி ஈரமாக, ஒரு கண் வீங்கி வந்தார்.

"வணக்கம் சார்."

"வணக்கம்மா. முடிச்சுட்ட."

"முடிச்சுட்டேன்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"அடுத்த இலக்கு என்னம்மா?"

"பாக்சிங்லயா, உங்க விசயத்துலயா?"

"என் விசயத்துல."

"நீங்க உசுரோட இருக்கும்போதே மன்னிச்சுடணும் சார். அது ஒண்ணுதான் பெருசா வச்சிருக்கேன். மாசம் குறிக்கல. உங்களுக்கு இனிப்பு நீர் வியாதி இருக்குல்ல?"

"இருக்கு."

"நடக்கறீங்களா?"

"இல்ல."

"நடங்க சார். எனக்கு இன்னும் கொஞ்சம் டைம் வேணும்."

ஊருக்கு வந்ததும் கிளினிக்குக்குப் போனேன். இத்தனை வருடமாகச் சொல்லியும் கேட்காத ஆள், இன்றைக்கு எப்படி நீங்களாகவே வந்தீர்கள் என்று அந்த இளம் டாக்டர் கேட்டார். ஒருவருக்கு நேரம் தேவைப்படுகிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை. கொப்பிக்கடையில் இப்போது பாலும் சீனியும் இல்லாத தே ஓ தேநீர் மட்டும் குடிக்கிறேன். காலையில் பள்ளித் திடலைச் சுற்றி நடக்கிறேன். முழுத் திடலும் சுற்ற மூச்சு வாங்குகிறது. இந்த மாதத்துக்குப் பாதித் திடல் என்று வைத்திருக்கிறேன்.